கோன் நூல் மேல பழி போடாதீங்க சாமி!

மக்களே, இன்னிக்கு அரசியல் இல்லை, சினிமா இல்லை, ஆபீஸ் புலம்பலும் இல்லை. நூல். தையல் மிஷின்ல போடற சாதாரண நூல். "இவனுக்கு என்ன ஆச்சு"ன்னு ஓடிடாதீங்க. உங்க வீட்டுல அம்மாவோ, மாமியாரோ, தங்கமணியோ மிஷின் வச்சிருந்தா இது உங்களுக்கும் சேர்த்துத்தான். ரொம்ப நாளா உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கிற விஷயம். கொஞ்சம் காரமா வந்தா மன்னிச்சுக்குங்க.

"பெரிய கோன் நூலை வீட்டு மிஷின்ல போட்டா மிஷின் கெட்டுப் போயிடும்." மிஷின் விக்கிறவர் சொல்றார், ரிப்பேர் பண்றவர் சொல்றார், தையலே தெரியாத பக்கத்து வீட்டுக்காரரும் சொல்றார். நான் சொல்றேன், இது சுத்தப் பொய். கோனைத் தப்பா வச்சா தொல்லை வரும், அது உண்மை. ஆனா அது வச்சவன் தப்பு. கோனோட தப்பு இல்லை, தைக்கிறவங்க தப்பும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கு. ஏன்னா, தப்பா வச்சவனே நான்தான்.

சொந்தக் கதை, சோகக் கதை. சுருக்கமா சொல்லிடறேன்.

அப்பா போன பிறகு அம்மாவை வி.கே.புரத்துல தனியா விட மனசில்லாம டோம்பிவிலிக்குக் கூட்டிட்டு வந்தேன். வி.கே.புரம்னா விக்கிரமசிங்கபுரம். பாபநாசத்துக்குப் பக்கத்துல, தாமிரபரணிக் கரையில. 1880கள்ல ஹார்வி கம்பெனிக்காரங்க ஆத்துத் தண்ணியோட விசையை நம்பி நூல் மில் ஆரம்பிச்ச ஊர். நான் சின்னப் பையனா இருந்தப்ப மில்லு சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். எங்கப்பா அந்த மில்லுல கோன் வைண்டிங்ல இருந்தார். அதாவது நூலைக் கோனாச் சுத்தற பிரிவு. இதை ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

வந்த புதுசுல அம்மா பட்ட பாடு இருக்கே! ஒன் பிஎச்கே வீடு. நானும் தங்கமணியும் காலையில லோக்கல் பிடிச்சா ராத்திரிதான் திரும்புவோம். மராத்தி தெரியாது, ஹிந்தி தெரியாது. பால்கனியில நின்னு கீழ போற ஆட்டோவை எண்ணிக்கிட்டு இருப்பாங்க. எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் பிரிஞ்சு போன ஜாக்கெட்டைக் கொண்டு வந்து சைகையில ஏதோ கேக்க, அம்மா ஊர்லேர்ந்து கொண்டு வந்திருந்த மிஷினைத் துடைச்சு வச்சு உக்காந்தாங்க. அவ்வளவுதான். ஆறே மாசத்துல நாலு மாடிக்கும் ஜாக்கெட் தைக்கிற ஆள் ஆயிட்டாங்க. மராத்தியும் அளவு நாடா வழியாவே வந்துச்சு. காந்தான்னா தோள், பாஹின்னா கை, கம்பர்னா இடுப்பு. (கவிச்சக்கரவர்த்தி மன்னிக்கணும்.) தையல் காசெல்லாம் ஒரு பிஸ்கெட் டப்பாவுல போகும். அதுலேர்ந்துதான் பேத்திக்குக் கொலுசு வந்துச்சு. என் சம்பளத்துல அம்மா எதுவும் கேட்டதில்லை. அந்த டப்பாவைத் திறந்து எண்ணும்போது மட்டும் ஒரு தனிக் களை வரும் மூஞ்சியில.

ஒரு நாள், "எய்யா, சின்ன ரீல் கட்டுபடியாகல. கோன் வாங்கிட்டு வாயேன்"னாங்க. தாதர் மார்க்கெட்ல வெள்ளை, கருப்பு, சந்தனக் கலர், மெரூன்னு நாலு கோன் வாங்கிட்டு வந்தேன். அம்மா ஒரு பழைய காபி டவராவுல கோனை நட்டமா உக்கார வச்சு, மிஷினுக்குப் பின்னாடி ஸ்டூல்ல வச்சாங்க. துணி மாட்டற ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி, ஜன்னல் கிரில்லுல கட்டி, நுனியைச் சின்ன வளையமா வளைச்சு, கோனோட உச்சிக்கு நேர் மேல தொங்கற மாதிரி விட்டாங்க. நூல் கோன்லேர்ந்து நேரா மேல ஏறி, வளையத்துல நுழைஞ்சு, அங்கேர்ந்து மிஷினுக்கு இறங்கும். எட்டு மாசம் ஒரு குறை இல்லாம ஓடுச்சு.

அப்புறம் என் என்ஜினியர் மூளை வேலை செஞ்சுது. தீபாவளிக்கு ஆபீஸ் ஆளுங்க வீட்டுக்கு வர்றாங்க. டவராவும் கம்பியும் ஹால்ல பார்க்க ஒர்க் ஷாப் மாதிரி இருக்கேன்னு எல்லாத்தையும் கழட்டினேன். மிஷின் தலையில ரீல் மாட்டற கம்பி இருக்கில்லையா, அதுல ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, கோனை அதும் மேல கவுத்து நிக்க வச்சேன். பார்க்க லட்சணமா இருந்துச்சு. அம்மா பார்த்துட்டுச் சொன்னாங்க: "எய்யா, கோன் சுத்தப்படாது. நூல்தான் எந்திரிச்சு வரணும். உங்கப்பா சொல்லுவாவ." நான் காதுல வாங்கலை. "சுத்தினா என்னம்மா, ரீலும் சுத்தத்தானே செய்யுது"ன்னு சொல்லிட்டேன்.

மறுநாளே ஆரம்பிச்சுது. நூல் பட் பட்டுன்னு அறுந்துச்சு. துணிக்கு அடியில குருவிக்கூடு மாதிரி சிக்கு. நிறுத்தின பிறகும் கோன் சுத்திக்கிட்டே இருந்து, நூல் தளர்ந்து கம்பியோட அடியில சுருண்டுக்குச்சு. ரெண்டு ஊசி உடைஞ்சுது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். (பேரு, கடை எல்லாம் வேணாம். அவரும் பொழைக்கணும்.) மனுஷன் மிஷினைத் திறக்கவே இல்லை. கோனைப் பார்த்தார், தீர்ப்பு சொல்லிட்டார். "கோன் லகாயா? தபீ தோ! யே கர் கா மஷீன் ஹை." கோன் போட்டா எந்த கியாரண்டியும் கிடையாதாம். வந்து போன கூலியை வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? பண்ணினது என்ன தெரியுமா? தலையை ஆட்டினேன். ஆட்டிட்டு அம்மாகிட்ட சொன்னேன்: "இனிமே சின்ன ரீல்தான். இல்லைன்னா தைக்கவே வேணாம். இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நான் சம்பாதிக்கலையா?"

அம்மா ஒண்ணும் சொல்லலை. சில வாரம் சின்ன ரீலை வச்சு ஓட்டிப் பார்த்தாங்க. அப்புறம் பழைய புடவையால மிஷினை மூடி வச்சுட்டாங்க. ரெண்டு மாசம். பிஸ்கெட் டப்பா பரண் மேல போயிடுச்சு. மறுபடியும் பால்கனி, மறுபடியும் ஆட்டோ.

இப்ப உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன், ஒரு நூல் கோனுக்கு நான் ஏன் இவ்வளவு குதிக்கிறேன்னு.

எனக்குப் புத்தி வந்தது ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கட்டடத்தோட மாடிப்படிக்குக் கீழ. பீகார்க்காரர் ஒருத்தர் அங்க உக்காந்து பேண்ட் நீளம் குறைச்சுக்கிட்டு இருந்தார். எங்க வீட்டுல இருக்கிற மாதிரியே கருப்பு மிஷின். கோன் தரையில, பெயின்ட் டப்பாவுக்குள்ள. சுவத்துல ஒரு ஆணி. நூல் டப்பாவுலேர்ந்து ஏறி, ஆணியைத் தொட்டு, மிஷினுக்கு வருது. அம்மாவோட டவராவும் கம்பியும் அப்படியே என் கண்ணு முன்னாடி. எத்தனை வருஷமா இப்படின்னு கேட்டேன். நான் என்னமோ சாப்பிடத் தெரியுமான்னு கேட்ட மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மிஷினோட கையேட்டைத் தேடி எடுத்து வரி விடாம படிச்சேன். கோன் போடக் கூடாதுன்னு ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் கணக்குப் போட்டேன். இப்ப ஒவ்வொரு குற்றச்சாட்டா எடுத்துக்குவோம்.

குற்றச்சாட்டு 1: கோன் கனம், வீட்டு மிஷின் தாங்காது

டெக்ஸ்னு ஒரு அளவு இருக்கு. 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம்ங்கிறதுதான் அது. கடையில "40க்கு 2"ன்னு கேட்டு வாங்கற பாலியஸ்டர் நூல் கிட்டத்தட்ட டெக்ஸ் 30. அப்படின்னா 100 மீட்டர் ரீல்ல இருக்கிற நூல் 3 கிராம். 5000 மீட்டர் கோன்ல 150 கிராம். ஐம்பது மடங்கு.

மிஷின் நூலைச் சீரா இழுக்கறதில்லை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். நிமிஷத்துக்கு 800 தையல்னா நொடிக்கு 13 இழுப்பு. 3 கிராமைச் சுத்த வைக்கறது நூலுக்குப் பெரிய வேலையே இல்லை. 150 கிராமை அப்படிச் சுத்தவும் நிறுத்தவும் சொன்னா, இழுக்கும்போது நூல் விறைக்கும், நிறுத்தும்போது தளரும். நான் பண்ணின கூத்து இதுதான்.

ஆனா கோனைச் சுத்த விடணும்னு யார் சொன்னது? கோன் நிக்கறதுக்குன்னே செஞ்சது. அதுல நூலைக் குறுக்கும் நெடுக்குமா சுத்தியிருப்பாங்க, உச்சி வழியா உருவி எடுக்கறதுக்காக. அப்படி எடுத்தா கோன் அசையவே அசையாது. மிஷின் இழுக்கறது மேல ஏறி வர்ற அந்தக் கொஞ்ச நூலை மட்டும்தான். கோன்ல 150 கிராம் இருந்தா என்ன, ஒரு கிலோ இருந்தா என்ன? கனம் ஸ்டூலுக்குத்தான், மிஷினுக்கு இல்லை. அடுக்கடுக்கா நேராச் சுத்தின சின்ன ரீலுக்குத்தான் சுத்தற வழக்கம். அதையும் இதையும் குழப்பினது நான். அதைக் கவனிக்காம தீர்ப்பு சொன்னது மெக்கானிக்.

குற்றச்சாட்டு 2: அது ஃபேக்டரி மிஷினுக்கான நூல்

ஃபேக்டரி மிஷின் நிமிஷத்துக்கு 5000 தையல் வரைக்கும் போகும். அந்த வேகத்துல ஊசி கொதிக்கும். அதைத் தாங்கற நூல், நம்ம வீட்டுல 800 தையலுக்கு அறுந்து விழுமா? கொஞ்சம் யோசிங்க.

பார்க்க வேண்டியது கோனா ரீலாங்கிறதை இல்லை, நூலோட பருமனை. 40க்கு 2 சாதாரண ஜாக்கெட், சுடிதாருக்குச் சரி, 14ஆம் நம்பர் ஊசி போதும். 20க்கு 2ன்னா டெக்ஸ் 60, ஜீன்ஸுக்கு. அதை ஜாக்கெட்டுக்குப் போட்டா சண்டித்தனம் பண்ணத்தான் செய்யும். ரீல்ல வந்தாலும் பண்ணும். ஓவர்லாக் கோன்ல சிலது மெலிசா இருக்கும், ஏன்னா அங்க மூணு நாலு நூல் சேர்ந்து தாங்குது. அதை வாங்கிட்டு வந்து தோள் மூட்டுத் தையல் பிரியுதேன்னு அழக் கூடாது. கேட்டு வாங்கணும்.

இன்னொண்ணு. வீட்டு மிஷின் செய்யற கம்பெனிகள் பலதும் கோன் ஸ்டாண்டைத் தனியா ஒரு சாமானா விக்கிறாங்க. கோன் மிஷினைக் கெடுக்கும்னா அவங்க எதுக்கு அதை விக்கணும்? மெக்கானிக் அண்ணாச்சிகள் யாராவது பதில் சொல்லுங்க.

குற்றச்சாட்டு 3: கோன் நூல்னா பஞ்சு அடைக்கும்

மட்டமான நூல் அடைக்கும். கோன்லேயும் மட்டம் உண்டு, ரீல்லேயும் மட்டம் உண்டு. ஒரு முழம் உருவி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பூனை ரோமம் மாதிரி சிலும்பிக்கிட்டு, அங்கங்க தடிச்சு மெலிஞ்சு இருந்தா அது எந்த உருவத்துல வந்தாலும் வாங்காதீங்க. நல்ல நூலே ஆனாலும் கொஞ்சம் பஞ்சு விடும். பாபின் கேஸைக் கழட்டி, துணியை நகர்த்தற பல்லுக்கு அடியில பிரஷ்ஷால தட்டிவிடறது அஞ்சு நிமிஷ வேலை. அன்னிக்கு மெக்கானிக் திறந்து பார்க்காத இடத்தை நான் திறந்தேன். உள்ள இருந்த பஞ்சுல ஒரு விளக்குக்குத் திரி திரிக்கலாம். அதுல பாதி, அம்மா கோனே வாங்கறதுக்கு முன்னாடி சேர்ந்த சிவப்பும் பச்சையுமான ரீல் நூல் பஞ்சு.

குற்றச்சாட்டு 4: வீட்டுல தைக்கிறவங்களுக்கு எதுக்கு அவ்வளவு நூல்?

இதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம். முதல் மூணும் தெரியாம சொல்றது. இது தெரிஞ்சே சொல்றது. "டைம் பாஸுக்குத் தைக்கிறாங்க"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க, அந்தச் சிரிப்பு.

ஒரு மீட்டர் நேர் தையலுக்கு மேல் நூலும் பாபின் நூலும் சேர்த்து இரண்டரையிலேர்ந்து மூணு மீட்டர் நூல் போகும். 100 மீட்டர் ரீல் முப்பத்தஞ்சு நாப்பது மீட்டர் தையலோட காலி. லைனிங் வச்ச ஜாக்கெட் ரெண்டு தைச்சா ரீல் சுண்டிப் போகும். நான் வாங்கின கடையில ஒரு கோன் விலைக்கு பத்துப் பன்னிரண்டு ரீல் வரும். கோன்லயோ அம்பது ரீல் நூல் இருக்கு. வெளியில கடை வச்சிருக்கிற டெய்லர் கோன்ல தைப்பாராம், வீட்டுல தைக்கிற அம்மா மட்டும் நாலஞ்சு மடங்கு விலை கொடுத்து ரீல்ல தைக்கணுமாம். ஆனா கூலி மட்டும் கடையை விடக் கம்மியா வாங்கணும், ஏன்னா "வீட்டுலதானே தைக்கிறீங்க". எந்த ஊர் நியாயம் இது?

பொழைக்க வந்த ஊர்ல நம்ம வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இப்படி ஒரு மிஷினை நம்பி நிக்கிறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. வேலையை விட்டுட்டுப் புருஷன் மாற்றலான ஊருக்கு வந்தவங்க, பிள்ளையோட வந்த அம்மாக்கள், மொழி தெரியாதவங்க. அவங்களுக்கு அது டைம் பாஸ் இல்லை. அந்தக் கட்டடத்துல தனக்குன்னு ஒரு பேர். மூணாவது மாடியில நான் இன்னாரோட அம்மா இல்லை. "ஜாக்கெட்வாலி அம்மா"வோட பையன்!

சரி, எப்படி வைக்கணும்?

கோன் மிஷினுக்குப் பின்னாடி, மிஷினைத் தொடாம, அசையாம நட்டமா நிக்கணும். டவரா, அகலமான மக், பெயின்ட் டப்பா எதுவானாலும் சரி, நூல் விளிம்புல உரசக் கூடாது. கோனோட உச்சிக்கு நேர் மேல ஒரு வளையம். உயரம் கோன் உயரத்தைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு. ரொம்பத் தாழ வச்சா நூல் கோன் மேலேயே உரசி மாட்டும். வளையத்துலேர்ந்து நேரா மிஷினோட முதல் கொக்கிக்கு. ரீல் கம்பியை மறந்துடுங்க. வழக்கத்தை விட நூல் விறைப்பா தெரிஞ்சா மேல் டென்ஷனைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்துங்க. ஒரு துண்டுத் துணியில தைச்சுப் பார்த்துட்டு ஆரம்பிங்க. பாபின்லேயும் அதே நூல், மெதுவா சுத்தினது. வேகமாச் சுத்தினா பாலியஸ்டர் இழுபட்டு, தைச்ச பிறகு சுருங்கித் துணியைச் சுருக்கும். வழுக்கற பளபள நூலா இருந்தா கோனோட கீழ்ப் பாதிக்குப் பழைய நைலான் சாக்ஸ் துண்டு ஒண்ணு போட்டு விடுங்க, சரிஞ்சு விழாது.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கறேன். எல்லாக் கலருக்கும் கோன் வாங்கறது முட்டாள்தனம். ஒரே ஒரு கிளிப்பச்சை ஜாக்கெட்டுக்கு 5000 மீட்டர் கிளிப்பச்சை நூலை வாங்கி, பேத்தி கல்யாணம் வரைக்கும் வச்சுக்க முடியாது. அதுக்கு ரீல்தான். வெள்ளை, கருப்பு, சந்தனம், மெரூன், சாம்பல், இந்த அஞ்சும் கோன்ல இருந்தா உள் தையலுக்கும் லைனிங்குக்கும் பெரும்பாலும் போதும். இது அம்மா கணக்கு.

டவராவையும் கம்பியையும் நானே திரும்ப மாட்டினேன். அம்மாகிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கலை, நம்ம வீடுகள்ல அது வழக்கம் இல்லையே. "சரியா இருக்கா பாரும்மா"ன்னு மட்டும் கேட்டேன். அம்மா வந்து வளையத்தை அரை அங்குலம் நகர்த்தி வச்சாங்க. "உங்கப்பா முப்பது வருஷம் கோனைத்தான் பார்த்தாவ. அந்த மெக்கானிக் பய எத்தனை வருஷம் பார்த்தானாம்?"னாங்க. இந்தக் கேள்வியை நான்ல அன்னிக்கு வாசல்ல வச்சுக் கேட்டிருக்கணும்!

மிஷின் இப்ப நல்லா ஓடுது. ஆனா அந்த ரெண்டு மாசத்துல நாலாவது மாடியில ரெண்டு வீட்டுக்காரங்க வேற டெய்லரைப் பிடிச்சுட்டாங்க. ஒருத்தர் திரும்பி வந்தாங்க, இன்னொருத்தர் வரலை. லிஃப்ட்ல பார்த்தா சிரிப்பாங்க, துணி மட்டும் வராது. நான் தலையை ஆட்டினதுக்கு அம்மா கட்டற அபராதம் அது.

அதனால ரங்கமணிகளே, பிள்ளைகளே, அடுத்த தடவை உங்க வீட்டு மிஷின் முன்னாடி ஒருத்தர் ஸ்க்ரூ டிரைவரோட நின்னு, திறந்து பார்க்காமலே கோனைக் கை காட்டினா, தலையை ஆட்டாதீங்க. "முதல்ல திறந்து பாருங்க"ன்னு சொல்லுங்க. அதுக்கும் முன்னாடி, தைக்கிறவங்களை ஒரு வார்த்தை கேளுங்க.

பி.கு.: டவரா போனதால ஒரு வாரம் எனக்கு டம்ளர்ல மட்டும்தான் காபி. தங்கமணி புது டவரா வாங்கிட்டாங்க. அதையும் அம்மா மெரூன் கோனுக்குக் கேட்டுக்கிட்டு இருக்காங்க.